களத்தில் ஒலிக்கும் சொல்

1999ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உலகக்கோப்பைக் கிரிக்கெட்டின் அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. ஆஸ்திரேலியா எடுத்த 213 ஓட்டங்களைத் தென்னாப்பிரிக்கா துரத்தியது. இறுதி ஓவரின் முதல் இரு பந்துகளையும் லான்ஸ் குளூஸ்னர் எல்லைக்கு விரட்ட, இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாயின. எஞ்சிய நான்கு பந்துகளில் ஓர் ஓட்டம் போதும். கையில் இருந்ததோ ஒரே ஒரு விக்கெட். நான்காம் பந்தை அடித்ததும் குளூஸ்னர் ஓடினார். எதிர்முனையில் இருந்த ஆலன் டொனால்டு பந்தையே பார்த்து நின்றார். தாமதமாக ஓட முனைந்தபோது மட்டையும் கைநழுவியது. அவர் ஆட்டமிழக்க, ஆட்டம் சமனில் முடிந்தது. முந்தைய சுற்றில் பெற்றிருந்த நிலையின் அடிப்படையில் ஆஸ்திரேலியா இறுதிப்போட்டிக்குள் நுழைந்து, கோப்பையையும் வென்றது.

அன்று தென்னாப்பிரிக்க வீரர்களிடம் ஆற்றலுக்குக் குறைவில்லை. ஒருவர் எடுத்த முடிவு, இருபத்திரண்டு கெஜத் தொலைவில் நின்ற மற்றவரை உரிய நொடியில் சென்றடையவில்லை. குழு விளையாட்டில் உடல்திறனுக்கு நிகராகப் பயில வேண்டியது களத்தில் பேசும் திறன் என்பதை அந்த ஒரு நொடி உணர்த்துகிறது.

விதியாகிய சொல்

சில விளையாட்டுகளில் சொல்லே விதியாக அமைந்துள்ளது. கோ-கோ ஆட்டத்தில் விரட்டும் அணியின் எட்டுப் பேர், அடுத்தடுத்து எதிரெதிர்த் திசை நோக்கி வரிசையாக அமர்ந்திருப்பர். விரட்டுபவர் பின்னாலிருந்து தொட்டுக் 'கோ' என உரக்கக் கூறினால்தான் அமர்ந்திருப்பவர் எழ இயலும். தொடுதல் மட்டும் போதாது, குரலும் வேண்டும். அக்குரலே அந்த ஆட்டத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

பார்வையற்றோர் கால்பந்தில் மணியொலிக்கும் பந்து பயன்படுகிறது. பந்தை நோக்கிச் செல்லும் தடுப்பாட்டக்காரர் 'வோய்' என்று குரல் கொடுத்தாக வேண்டும். கொடாவிடில் அது தவறு. 'செல்கிறேன்' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. பந்தின் ஒலியும் வீரர்களின் குரலும் கேட்க வேண்டும் என்பதற்காகப் பார்வையாளர்கள் ஆட்டத்தின்போது அமைதி காக்கின்றனர். அங்கே குரலே கண்ணாகிறது.

மௌனத்தின் காரணங்கள்

பள்ளித் திடல்கள் பலவற்றில் நிலைமை வேறு. பயிற்றுநரின் குரல் ஓங்கி ஒலிக்கிறது; ஆடுவோர் வாய் திறப்பதில்லை. கைப்பந்தாட்டத்தில் இருவருக்கிடையே விழும் பந்தை இருவரும் பார்த்து நிற்பதும், கிரிக்கெட்டில் ஒரே பந்தைப் பிடிக்க இருவர் ஓடி மோதிக்கொள்வதும் இம்மௌனத்தின் விளைவுகளே. தோல்வியோடு காயமும் நேர்கிறது.

இம்மௌனத்திற்கு அடக்கம் என்று பெயரிடுவது பொருந்தாது. மூத்த வீரரை இளையவர் ஏவலாமா என்னும் தயக்கமும், சொன்னது தவறாகிவிட்டால் பழி நேருமே என்னும் அச்சமுமே அதற்குக் காரணங்கள். ஆனால், கோல்காவலர் அணியில் இளையவராக இருப்பினும், களம் முழுவதும் அவர் கண்முன் விரிந்திருக்கிறது. முன்னே நிற்கும் மூத்தவருக்கு முதுகுப்புறம் தெரிவதில்லை. எனவே, களத்தில் பேசும் உரிமை வயதைப் பொறுத்ததன்று, பார்வையைப் பொறுத்தது.

பேச்சு கவனத்தைச் சிதைக்கும் என்பாரும் உளர். கூச்சல் சிதைக்கும் என்பது உண்மையே. 'என்ன ஆட்டம் ஆடுகிறாய்?' என்பது கூச்சல். 'உன் இடப்பக்கம் ஆள்' என்பது செய்தி. முன்னது மனத்தைச் சுருக்கும். பின்னது கண்ணுக்கு எட்டாததைக் காட்டும்.

பயிற்சியில் பிறக்கும் குரல்

இத்திறன் போட்டி நாளில் தானே முளைப்பதில்லை. 'என் பந்து', 'விடு', 'ஓடு', 'நில்' என்னும் சிறு சொற்களை அணியினர் முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி ஆட்டத்தின் ஒரு பகுதியிலேனும் பயிற்றுநர் அமைதி காத்து, மாணவர் தாமே பேசி ஆட வழிவிட வேண்டும். பிழைகளைப் பற்றிய விவாதத்தை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். குரல் எட்டாத ஆரவாரத்தில் கைச்சைகை துணைநிற்கும். உரத்த குரல் இயல்பாக வாய்க்காதவருக்கும் அதுவே வழி.

தான் கண்டதைத் தோழனுக்குக் காலத்தில் சொல்வதும், தோழன் சொன்னதை நம்பிச் செயல்படுவதும் களம் கற்பிக்கும் பாடங்கள். பதினொருவர் ஒரே நிறச் சீருடை அணிவதால் மட்டும் அணி உருவாவதில்லை. ஒருவர் கண்டது பதினொருவருக்கும் தெரியும்போதே அது அணியாகிறது.