ஆண்டுக்கு முன்னால் ஒரு பூச்சியம்



களுபோவிலவில் உள்ள எங்கள் அலுவலகக் கணினியில் இப்போது ஆண்டு ஐந்து இலக்கத்தில் தெரிகிறது: 02026.

இப்படி எழுதுவது, 1996இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட லோங் நவ் அமைப்பின் வழக்கம். பத்தாயிரம் ஆண்டுகள் ஓடவேண்டிய கடிகாரம் ஒன்றை டெக்சாஸ் மலைக்குள் அமைத்து வருபவர்கள் அவர்கள். அடுத்த தேர்தலோடு நின்றுவிடும் யோசனையை நீட்டத்தான் அந்தப் பூச்சியம்.

நமக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை என்பேன். இலங்கையில் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்தே பெற்றோல் கிடைக்கும் நாளைக் கணக்குப் போட்டோம். அதற்கு முந்திய போர்க்காலத்தில் அடுத்த கிழமையே பெரிய எதிர்காலம். அப்படி வாழ்ந்த மனம் தூரத்தை யோசிக்கத் தயங்குவதில் யாருடைய குற்றமும் இல்லை.

திகதியைச் சுருக்கினால் பின்னால் வருபவர்களுக்குத்தான் சிக்கல். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களோடுதான் தொடங்கும். 2000இல் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதை எட்டிய 2016இல், ஆண்டை முழுதாகக் காட்டும் 12 இலக்க முறை வந்தது. நம் அறுபதாண்டு வட்டத்திலும் இதே இடர் உண்டு. ‘பிரபவ’ என்று மட்டும் திகதியிட்ட ஒரு கடிதம் 1867க்குரியதா, 1927க்குரியதா, 1987க்குரியதா? எழுதியவருக்கு அதில் சந்தேகமே இருந்திராது. பூட்டப்பிள்ளை எப்படி அறிவான்? கலியாண்டையும் சேர்த்து எழுதி வைத்த முன்னோர் அவனையும் நினைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் கணினியில் ஆண்டுக்கு முன்னால் அந்தப் பூச்சியத்தைச் சேர்ப்பது சுலபம். கன்ட்ரோல் பனலில் ரீஜன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ், பிறகு டேட். அங்கே ஷோர்ட் டேட் பெட்டியில், ஆண்டைக் குறிக்கும் நான்கு ‘வை’ எழுத்துகளுக்கு முன்னால், ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பூச்சியத்தை இடுங்கள். கணக்கு வேலை நடக்கும் கணினியில் மட்டும் வேண்டாம். சில மென்பொருள்கள் திகதியை இந்த அமைப்பைப் பார்த்தே எடுக்கின்றன.

கணினி இல்லாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டு அல்பங்களில் இருக்கும் படங்களின் பின்பக்கத்தில், ஆட்களின் பெயரையும் ஊரையும் ஆண்டின் நான்கு இலக்கங்களையும் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். அவர்களை அடையாளம் சொல்லக்கூடிய அம்மம்மா பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்