ஆற்றுக்குப் பெயருண்டு, ஆளுக்கு இல்லை!

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே, செசபீக் வளைகுடாவைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் பாருங்கள் தோழர்களே! மணம் புரியாத எலிசபெத் அரசியின் கன்னிமையைப் போற்ற வெர்ஜீனியா. முதலாம் சார்லஸ் மன்னனின் மனைவி மரியாளுக்காக மேரிலாந்து. ஜேம்ஸ் மன்னனுக்கு ஜேம்ஸ்டவுன். வளைகுடாவின் வாயிலில் நிற்கும் இரு முனைகளுக்கும் அவன் பிள்ளைகளான ஹென்றி, சார்லஸ் பெயர்கள்! பவ்ஹாட்டன் என்று வழங்கிய ஆறு கூட, 1607-இல் வெள்ளையர் குடியேறிய பின் ஜேம்ஸ் ஆறாயிற்று.

பால்டிமோர் நகரின் கதை இன்னும் வேடிக்கை. 1632-இல் மேரிலாந்தைப் பட்டயமாகப் பெற்ற கால்வெர்ட் பிரபுவின் பட்டப் பெயர் அது. அந்தப் பட்டமோ அயர்லாந்து ஊரொன்றின் பெயரால் அமைந்தது. அயர்லாந்து மொழியில் அதற்கு 'பெரிய வீட்டு ஊர்' என்று பொருள். பெரிய வீட்டுக்காரர்களை நம் தோழர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை!

ஆனால் பொடோமாக், பாட்டக்சென்ட், சஸ்குவெஹானா, ரப்பஹானக் ஆகிய பூர்வகுடிப் பெயர்களை விட்டுவைத்தார்களே, அது பெருந்தன்மையல்லவா என்பார்கள் சிலர். அந்தப் பெருந்தன்மையையும் பார்ப்போம்.

செசபீக் என்றால் பெரிய சிப்பி வளைகுடா என்று நெடுநாள் சொல்லி வந்தனர். இல்லை, அது ஓர் ஊரின் பெயராகவே இருந்திருக்கலாம் என்றனர் பிற்கால மொழியறிஞர். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அம்மொழியைப் பேசியவர் எவருமில்லை. குடியேறிய வெள்ளையர் எழுதி வைத்த சொற்பட்டியல்களே மிச்சம்!

ரப்பஹானக் என்றால் ஓதம் ஏறி இறங்கும் நீர் என்பர். அது ஓர் ஆற்றின் பெயர், ஒரு மக்களின் பெயரும் கூட. ஆற்றின் பெயர் எல்லா வரைபடங்களிலும் இருந்தது. அதன் கரையில் வாழ்ந்தவர்களுக்கோ 1924-இல் வெர்ஜீனியா அரசு ஒரு சட்டம் போட்டது. பிறப்புப் பதிவேட்டில் வெள்ளையர், நிறத்தவர் என இரண்டே பிரிவு! வால்டர் பிளெக்கர் என்ற பதிவாளர், 'இந்தியர்' என்றிருந்த சான்றிதழ்களைத் தேடித் தேடித் திருத்தினார். 1943-இல் மாவட்டவாரியாகக் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டு, இவர்களை நம்பாதீர் என்று அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை விட்டார்.

அச்சட்டத்திலே ஒரு விலக்கும் உண்டு. பதினாறில் ஒரு பங்குக்கு மேற்படாத இந்திய இரத்தம் உடையவர் வெள்ளையராகவே கருதப்படுவர். ஏன் தெரியுமா? பவ்ஹாட்டன் தலைவரின் மகள் போகஹோண்டாஸ் எங்கள் பாட்டி என்று பெருமை பேசும் சீமான் வீடுகள் அங்கே பல! பாட்டியின் பெயர் அவர்களுக்கு அணிகலன். பாட்டியின் இனத்தாருக்கோ பெயரே கூடாது!

வெர்ஜீனியாவின் கலப்பு மணத் தடை 1967-இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ரப்பஹானக் மக்களோ கூட்டாட்சி அரசின் ஏற்பைப் பெற 2018 வரை காத்திருந்தார்கள். 2022-இல் ஆற்றங்கரைக் குன்றுகளிலே 465 ஏக்கர் அவர்கள் கைக்குத் திரும்பியது. 1608-இல் ஜான் ஸ்மித்தின் படகை அவர்களுடைய முன்னோர் அம்பெய்து மறித்த அதே குன்றுகள்!