தகரத்தின் சூடு

மே மாதம் சென்னையில் வெயில் எவ்வளவு என்று கேட்டால் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் கணக்கைத்தான் சொல்கிறோம். அது நிழலில், ஏறக்குறைய ஆள் உயரத்தில் இருக்கும் காற்றின் சூடு. செருப்பில்லாமல் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவருக்குத் தெரியும், தரையின் கணக்கே வேறு. தரை உமிழும் அகச்சிவப்புக் கதிரைப் பிடித்து அந்தச் சூட்டை அளக்கிறது செயற்கைக்கோள். ஈரானின் லூட் பாலைவனத்தில் 2005இல் 70.7 டிகிரி பதிவானது இப்படித்தான். அதற்காக, செயற்கைக்கோள் தரும் வெப்ப வரைபடத்தில் சிவப்பாகத் தெரிகிற இடம் மட்டும்தான் கொதிக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. லேண்ட்சாட் 8 என்ற செயற்கைக்கோள் ஓர் இடத்துக்கு மேல் வருவது 16 நாளுக்கு ஒருமுறை, அதுவும் காலை பத்து மணி வாக்கில். உச்சி வெயிலை அது பார்ப்பதே இல்லை. அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது 100 மீட்டர். ஒரு சின்னத் தெருவே அதற்குள் அடங்கிவிடும், வேப்பமரத்தையும் சேர்த்து. இன்னொரு வேடிக்கை, பளபளக்கும் புதுத் தகரம் கதிரைக் குறைவாகவே உமிழும். அதைக் கணக்கில் திருத்தாவிட்டால் கொதிக்கிற கூரை படத்தில் குளுகுளுவென்று தெரியும். மாநகராட்சிகள் இந்தப் படங்களை வைத்து மரம் நட இடம் தேடட்டும், நல்லதுதான். கூடவே அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டுப் பார்க்கட்டும்.