பாதி உண்மையை அனுப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் மகளுக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது. "டீச்சர், சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே ரத்தப் புற்றுநோய் சரியாயிடுமாம். கம்பெனிக்காரங்க மறைக்கிறாங்களாம். குடும்ப குரூப்ல வந்துச்சு. கீமோவை நிறுத்திட்டு இதைக் குடுத்துப் பாக்கலாமான்னு பிள்ளையோட அம்மா கேக்குறா" என்றான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. விசாரித்தால், அதை அனுப்பியவர் என்னைப் போல ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர்!

அந்தச் செய்தி முழுப் பொய் என்றால் சுலபமாகத் தள்ளிவிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் ஆபத்து.

மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாதான் அது என்று 1967இல் லின் மார்குலிஸ் என்ற அம்மையார் எழுதினார். இன்று அறிவியல் உலகம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. இருக்கிறது. புரதம் தயாரிக்கும் தனி ரைபோசோமும் இருக்கிறது, அது பாக்டீரியாவின் ரைபோசோமைப் போன்றது. ஆகவே பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை நிறுத்தும் சில மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்கும்.

2011இல் கனடாவின் டொராண்டோவில், பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையில் ஆரோன் ஷிம்மர் குழுவினர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மருந்துகளைச் சோதித்தார்கள். டைகிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய் செல்களைக் கொன்றது. அந்தச் செல்கள் சாதாரண ரத்தச் செல்களைவிட மைட்டோகாண்ட்ரியாவை அதிகம் நம்பியிருப்பதே காரணம். ஆய்வகத் தட்டிலும் எலியிலும் பலன் தெரிந்தது. அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை.

நம்ம ஆள் அனுப்பிய செய்தி இங்கே நின்றுவிடுகிறது. மீதியை நான் சொல்கிறேன்.

அந்த மருந்தை மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற சிகிச்சைக்குக் கட்டுப்படாத, அல்லது நோய் திரும்பி வந்த 27 பேர். வழக்கமாக ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கொடுக்கும் மருந்தை 300 வரைக்கும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். ஒருவருக்குக்கூட நோய் குறையவில்லை. மருந்து ரத்தத்தில் போதிய நேரம் தங்கவில்லை. 2016இல் இந்த முடிவை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். எந்தக் கம்பெனி மறைத்தது?

ஆராய்ச்சி அதோடு நிற்கவுமில்லை. 2017இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் சி.எம்.எல். வகைக்கு இமாடினிப் மருந்தோடு இதைச் சேர்த்து எலிகளில் நல்ல பலன் கண்டார்கள். கவனியுங்கள், ஏற்கெனவே உள்ள மருந்தோடு சேர்த்து. அதை நிறுத்திவிட்டு அல்ல.

என் மாணவன் மகளுக்கு இருப்பது இந்த இரண்டு வகையும் இல்லை. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ஏ.எல்.எல். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பத்துப் பிள்ளைகளில் எட்டுக்கும் மேல் பிழைத்துக்கொள்ளும் நோய் அது. கீமோவை நடுவில் நிறுத்தினால் அந்த வாய்ப்பை நாமே கெடுக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது சாதாரணக் கிருமியே உயிரை எடுத்துவிடும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது ஆன்டிபயாடிக்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கி நாம் விழுங்க விழுங்க, கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. 2010இல் சென்னையிலும் ஹரியானாவிலும் கண்டறியப்பட்ட என்.டி.எம்.-1 கிருமிகளை நினைவிருக்கிறதா? அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மிஞ்சியிருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று இதே டைகிசைக்ளின்! புற்றுநோய்க்கு என்று சொல்லி ஆன்டிபயாடிக்கை வீணடித்தால், புற்றுநோய் வந்த பிள்ளைகளின் கடைசி ஆயுதத்தைத்தான் பறிக்கிறோம்.

"நல்லெண்ணத்தில்தானே அனுப்பினேன்" என்கிறார் அந்த நண்பர். நல்லெண்ணம் போதாது, ஐயா. விடைத்தாளில் பாதிக் கணக்குப் போட்டு விடையை எழுதிய பையனுக்கு நீங்கள் மதிப்பெண் கொடுத்தீர்களா?

இனி இப்படி ஏதாவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எந்த வகைப் புற்றுநோய்க்கு? மனிதருக்குக் கொடுத்தபோது என்ன ஆனது? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

என் மாணவனிடம், "மாத்திரையைப் பற்றி உன் டாக்டரிடமே நேராகக் கேள், கீமோவை ஒரு நாள்கூடத் தள்ளாதே" என்றேன். திங்கட்கிழமை பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டான். எல்லாருக்கும் போன் செய்து கேட்க ஒரு டீச்சர் இருக்கமாட்டார். அதனால்தான் இந்தப் பதிவு. இதை வேண்டுமானால் உங்கள் குரூப்பில் பகிருங்கள். ஆனால் முழுசாகப் பகிருங்கள்.