எசமானும் சிநேகிதனும்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் வாலிபர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தை எனக்குக் காட்டினார். பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் படம் அது. அதன் கீழே, 1910ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் அவர் ஆற்றிய உரையைப் பற்றி நான்கைந்து வரிகள் இருந்தன. "வெள்ளைக்காரங்கள அவங்க ஊர்லயே வச்சுக் கேட்டுட்டார், பாத்தீங்களா ஐயா" என்றார் வாலிபர். சுற்றி நின்றவர்கள் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஆலயத்திலிருந்து குருமனைக்கு நடந்துவரும் அந்தச் சிறு தூரத்திற்குள் என் மகிழ்ச்சி வற்றிப்போயிற்று. ஏன் என்பதை இந்த வாரம் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது கசக்கும், எனக்கே கசக்கிறது.

அசரியா நமக்கு அந்நியர் அல்லர். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். அது பனங்காட்டுச் சீமை, நமது கரிசல் காடு. எனினும் இன்று இரண்டும் தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது அதன் உயிர்நாடியாக நின்றவர் அவர். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருக்கவில்லை. 1909இல் தாமே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். மறு ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். அவர்களுள் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சபையின் முன் நின்றபோது அவருக்கு வயது 35.

அவர் அங்கே என்ன சொன்னார் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். மிஷனரிமாருக்கு அன்பில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் ஏழைகளுக்காகத் தங்கள் பொருளைக் கொடுத்தார்கள், உடலையும் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். நம் பகுதிக்கே சாட்சி உண்டு. 1854இல் ராக்லண்ட் ஐயர் இந்த வடதிருநெல்வேலிக் கரிசல் கிராமங்களுக்குள் கூடாரம் தூக்கிக்கொண்டு வந்தார். கேம்பிரிட்ஜில் உயர்ந்த நிலையில் இருந்த மனிதர், நம் வெயிலிலும் புழுதியிலும் ஊர் ஊராக அலைந்து, 1858இல் சிவகாசியில் மரித்தார். இத்தகைய தியாகத்தை அசரியா மறுக்கவில்லை.

அவர் கேட்டது வேறு. மேலிருந்து கீழே இறங்கிவரும் பரிவு நட்பாகாது என்றார். மிஷனரிக்கும் நாட்டு ஊழியருக்கும் இடையே எசமான், வேலைக்காரன் என்ற உறவுதான் இருக்கிறது என்றார். தென்னிந்தியாவில் எளிய ஊழியர்கள் மிஷனரியை 'எசமான்' என்றே அழைப்பதையும் எடுத்துக்காட்டினார். தன் வீட்டில் உண்ண அழைக்காத, நம் வீட்டுக்கு வந்து அமராத அன்பைக் குறித்துப் பேசினார். முடிவில், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவ்வுரை அரங்கில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெறுப்பினால் அவர் பேசவில்லை. ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்கர் அவருக்கு உற்ற நண்பர். அத்தகைய நட்பு கூடும் என்று அனுபவித்து அறிந்தவர் ஆகையால்தான் கேட்டார்.

இப்பொழுது நம்மிடம் வருவோம். வெள்ளைக்கார எசமான்கள் போய்விட்டார்கள். அவர்கள் பங்களாக்களில் நம் அலுவலகங்கள் நடக்கின்றன. நம் சபைகளில் 'எசமான்' என்ற சொல் ஒழிந்ததா? சொல் ஒழிந்தது. நம் ஊரில் அதற்கு 'முதலாளி' என்று பெயர். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் சகோதரியும் அந்த ஆபீசை நடத்தும் சகோதரரும் ஒரே ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறார்கள். ஆலய வாசலைத் தாண்டி மூன்று படி இறங்கியதும் அந்தச் சகோதரி, "வாரேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். சகோதரரும் அன்பாகத் தலையசைத்துக் காரில் ஏறுகிறார். அவர் நல்லவர், கிறிஸ்துமஸுக்கு அந்தக் குடும்பத்திற்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறார், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறார். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா? அந்தக் குடும்பம் என்றைக்காவது அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்ததுண்டா? அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: அவர் என்றைக்காவது அந்த வீட்டுப் பானைச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதுண்டா?

சாதியைப் பற்றி நான் எழுதாமல் நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேலத்தெரு விசுவாசி கீழத்தெரு விசுவாசிக்காகக் கண்ணீரோடு ஜெபிப்பார். மருத்துவமனைச் செலவுக்குப் பணமும் கொடுப்பார். அவர் வீட்டில் காப்பி குடிப்பாரா என்று கேட்டால் சர்க்கரை வியாதி வந்துவிடுகிறது. எனக்கும் வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்நிலைக்குப் பிரசங்கியாராகிய நாங்களும் ஒரு காரணம். அகாப்பே, பிலியோ என்ற கிரேக்கச் சொற்களை வைத்து நாங்கள் செய்யும் பிரசங்கத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அகாப்பே தெய்வீக அன்பு, பிலியோ வெறும் மனித நட்பு, ஆகையால் முந்தியது உயர்ந்தது, பிந்தியது தாழ்ந்தது என்று படிக்கட்டு கட்டுவோம். நானும் இருபது ஆண்டுகளாக அப்படியே பிரசங்கித்திருக்கிறேன். இன்று அதைத் திரும்பப் பெறுகிறேன். பிதா குமாரனை நேசிக்கிறார் என்று யோவான் 5:20இல் வருகிறதே, அங்கே மூலமொழியில் இருப்பது பிலியோ என்ற சொல்தான். தேமா இவ்வுலகத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப்போனானே, அந்த ஆசைக்கு 2 தீமோத்தேயு 4:10இல் உள்ள சொல் அகாப்பேயின் வினைச்சொல். பரிசேயர் ஜெப ஆலயத்தில் முதன்மையான ஆசனங்களை விரும்பினார்கள் என்று லூக்கா 11:43 சொல்லும்போதும் அதே சொல்தான். முதல் நாற்காலியின்மேல் உள்ள ஆசைக்கும் அந்தச் சொல் பொருந்துமானால், எங்கள் படிக்கட்டு எங்கே நிற்கும்?

அந்தப் போதனையின் விளைவைப் பாருங்கள். நட்பு தாழ்ந்தது என்று கேட்டுப் பழகிய சபை, நட்பில்லாமலே அன்புகூர முடியும் என்று நம்பிவிட்டது. 'எல்லாரையும் கர்த்தருக்குள் நேசிக்கிறேன்' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அதன் பொருள் 'யாரோடும் உட்கார எனக்கு நேரமில்லை' என்பதே. எட்ட நின்று நேசிப்பது எளிது. அதற்கு வீட்டுக் கதவைத் திறக்கவும் வேண்டியதில்லை, எதையும் பெற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை.

நம் ஆண்டவர் அப்படி நேசிக்கவில்லை. யோவான் 15ஆம் அதிகாரத்தில் சீஷரை இனி ஊழியக்காரர் என்று அழைப்பதில்லை, சிநேகிதர் என்றே அழைப்பேன் என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் சிந்திக்கத்தக்கது. எஜமான் செய்வது ஊழியக்காரனுக்குத் தெரியாது. தாமோ பிதாவிடம் கேட்ட அனைத்தையும் அவர்களுக்குத் தெரிவித்துவிட்டாராம். எடின்பரோவில் அசரியா சுட்டிய அதே எசமான்! மனம் திறவாதவன் எசமான். மனம் திறந்தவன் சிநேகிதன். சமாரியப் பெண்ணுக்கு ஜீவத்தண்ணீரைக் கொடுக்கும் முன்னே, அவள் கையால் கிணற்றுத் தண்ணீர் கேட்டார். ஆயக்காரருக்குச் சிநேகிதன் என்று எதிரிகள் ஏசியபோது அந்தப் பெயரை அவர் மறுக்கவில்லை. ஏச்சுக்குக் காரணம் அவர் அவர்களுக்குத் தர்மம் செய்தது அன்று, அவர்களோடு பந்தியிருந்தது.

"ஐயா, மனதில் வேறுபாடு இல்லாதிருந்தால் போதாதா, சாப்பாட்டில் என்ன இருக்கிறது?" என்று ஒரு மூப்பர் என்னைக் கேட்டார். அந்தியோகியாவில் பேதுருவின் மனதிலும் வேறுபாடு இருந்ததாக நான் நினைக்கவில்லை. யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், புறஜாதியாரோடு உண்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கே பவுல் முகமுகமாய் எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியமே அங்கே கோணிப்போயிற்று என்று கலாத்தியருக்கு எழுதினார். சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த இரண்டாம் அதிகாரத்தைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

ஆகவே அசன விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு அசன வைபவத்தில் பெரிய காணிக்கை கொடுத்தவர்களுக்கும் விருந்தினருக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் தனியாக மேசை போட்டு, முதலில் பரிமாறிவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கூட்டம் அதிகம், முதியவர்கள் இருக்கிறார்கள், வெயில் கடுமை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதியவர்களுக்கு நாற்காலி வேண்டும். எல்லா முதியவர்களுக்கும் போடுவோம், அவர்கள் காணிக்கைச் சீட்டைப் பார்க்காமல். மற்றபடி இந்த யோசனைக்கு நான் சம்மதிக்கமாட்டேன். நம் முன்னோர் நமக்கு விட்டுப்போனவற்றில் சிறந்த ஒன்று இந்த அசனம். யார் பக்கத்தில் யார் என்று பாராமல் ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒரே வரிசையில் ஒரே சோற்றுக்கு உட்காருகிறோம். மற்ற 364 நாளும் நாம் செய்யாத ஒன்றின் கடைசி அடையாளம் அது. அதையும் பள்ளிக்கூடச் சுவருக்குள் கொண்டுபோய்விட்டால், அசரியாவின் படத்தை நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை நிறுத்திவிடலாம். அந்த உரை நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். தனி மேசை போட்டே தீரவேண்டும் என்று முடிவானால், ஜெபித்துப் பந்தியைத் தொடங்கிவைக்க வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள். நான் வெளியே பாயில் இருப்பேன்.

என் காரியத்தையும் சொல்லுவதாக எழுதினேன். சேகரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார். மானாவாரிக் கரிசல் இரண்டு ஏக்கர். மழை பார்த்து உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். பதினொரு ஆண்டுகளாக அவர் வீட்டுக்கு வீடு சந்திப்புக்குப் போயிருக்கிறேன். குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி ஜெபிப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா, "ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அடுத்த வீடு இருக்கும், அல்லது வயிறு சரியிருக்காது. ஐப்பசி மழை நாளில் அவர் குருமனைக்கு வந்தால், காலில் அப்பிய கரிசலோடு வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தரையைக் குறித்த கவலையாக இருந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பின் வந்த புதன்கிழமை போனேன். ஜெபம் முடிந்தது. அந்த அம்மா வழக்கம்போல் கேட்டார்கள். "சரிம்மா, போடுங்க" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்கமாட்டேன். சோறும், உளுந்தம்பருப்புத் துவையலும், ரசமும். பெரியவர் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து என்னோடு சாப்பிட்டார். மழை எப்போது வரும், விதை விலை என்ன என்று பேசினோம். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "ஐயாவுக்கு அம்மா இருக்காங்களா?"

என் தாயார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு அது தெரியாது, நான் சொன்னதேயில்லை. அன்று அவரிடம் சொன்னேன். கை கழுவியபின் அவர் எழுந்து நின்று, முதல்முறையாக, எனக்காக ஜெபித்தார்.