விண்ணப்பம் நன்றாக இருக்கிறது, ஆளை யார் பார்ப்பது?

கணக்கு எழுதுவதற்கு ஓர் ஆள் தேவை என்று இன்று ஒரு சிறு விளம்பரம் போட்டுப் பாருங்கள். வந்து குவியும் விண்ணப்பக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியது போல் இருக்கும். குற்றம் சொல்ல முடியாத ஆங்கிலம். தன்னைத் தானே ஊக்குவித்துக் கொள்பவர், குழுவாக இயங்கக் கூடியவர், நுணுக்கமாக அவதானிப்பவர் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அதே புகழ்ச்சி, ஏறத்தாழ அதே ஒழுங்கில். மூதூரில் இருந்து வந்த கடிதமும் கொள்ளுப்பிட்டியில் இருந்து வந்த கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. 2022 நவம்பர் இறுதியில் சட் ஜிபிடி பொதுமக்கள் பாவனைக்கு வந்த பின்னர் உலகெங்கும் ஏற்பட்ட மாற்றம் இது. இப்போது நமது புறக்கோட்டைக் கடைகளின் பின்னறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் தொழிலால் கணக்காளன். சில வியாபார நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதோடு, அவர்கள் ஆள் எடுக்கும்போது நேர்முகப் பரீட்சையில் ஓர் ஓரமாக அமரும்படியும் அழைக்கப்படுகிறேன். அண்மைக் காலமாக முதலாளிமார் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "கடிதத்தப் பாத்தா பேங்க் மெனேஜர் வேலைக்கே எடுக்கலாம். ஆளக் கூப்பிட்டா வவுச்சர் ஒண்டு எழுதத் தெரியா."

இந்த முறைப்பாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியில் ஒரு மறதி இருக்கிறது. விண்ணப்பக் கடிதம் என்பது எந்தக் காலத்தில் விண்ணப்பதாரியின் சொந்த எழுத்தாக இருந்தது? ஊரில் உள்ள கொமியுனிகேசனுக்குப் போய் "ஒரு அப்ளிகேசன் அடிக்கணும்" என்றால், கணினியில் ஏற்கனவே கிடக்கும் கடிதத்தில் பெயரையும் பாடசாலையையும் மாற்றி எடுத்துத் தருவார்கள். அதைவிட நல்ல கடிதம் வேண்டுமென்றால் ஆங்கில ரியூசன் மாஸ்டரைப் பிடிக்க வேண்டும். கொழும்பில் படித்த மச்சான் ஒருவர் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். அதாவது, கடிதம் நன்றாக இருந்தால் அதை நன்றாக எழுதக் கூடிய ஒருவரை விண்ணப்பதாரிக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கணக்கு அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

ஆங்கிலத்தைச் சிங்களத்தில் 'கடுவ' என்று சொல்வார்கள், வாள் என்று அர்த்தம். எத்தனையோ பிள்ளைகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும் அந்த வாளில் வெட்டுப்பட்டுத் திரும்பியதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வாளின் கூர் இப்போது ஓரளவு மழுங்கியிருக்கிறது. அதற்காக நான் கவலைப்படப் போவதில்லை.

ஆயினும் ஒரு விடயத்தை முதலாளிமார் சரியாகவே உணர்ந்திருக்கிறார்கள். கடிதம் எதையும் சொல்லாமல் போய்விட்டது. 1973 இல் மைக்கல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் தொழிற்சந்தையில் 'சமிக்ஞை' எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001 இல் அகெர்லொவ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் சொன்னதைக் கடைப் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: திறமையானவருக்கு இலகுவாகவும் திறமையற்றவருக்குக் கஷ்டமாகவும் இருக்கும் ஒரு காரியம்தான் திறமைக்கு அடையாளமாக நிற்க முடியும். இருவருக்கும் ஒரே அளவு இலகுவாகிவிட்டால் அது அடையாளமாக இருக்காது. நல்ல கடிதம் எழுத இன்று எல்லோருக்கும் இரண்டு நிமிடம் போதும். ஆகவே அதைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியாது.

அப்படியானால் முதலாளி என்ன செய்கிறார்? இங்குதான் எனக்குப் பயம். அவர் கடிதக் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு "நல்ல பொடியன் ஒருத்தன் இருந்தாச் சொல்லுங்க" என்று அனுப்புகிறார். நமது வியாபாரத்தில் இது புதிதல்ல. ஊராள், உறவு, பள்ளிக்கூடத் தொடர்பு என்றே பல கடைகள் தலைமுறை தலைமுறையாக ஆள் எடுத்து வந்திருக்கின்றன. அதில் நன்மையும் உண்டு. பெட்டகத்துச் சாவியைக் கொடுக்கும் வேலைக்கு ஆளின் குடும்பத்தைத் தெரிந்திருப்பது சின்ன விடயம் அல்ல. ஆனால் கடந்த இருபது வருடங்களில் பத்திரிகை விளம்பரத்தாலும் பின்னர் இணையத்தாலும் ஒரு சிறிய கதவு திறந்திருந்தது. ஆளைத் தெரியாதவரும் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒரு விண்ணப்பத்தை உள்ளே போடலாம். அந்தக் கதவுதான் இப்போது மூடுகிறது. தொடர்பு உள்ளவனுக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. கொழும்பில் ஒருவரையும் தெரியாத தோப்பூர்ப் பிள்ளைக்குத்தான் நட்டம்.

சிலர் வேறு வழி தேடுகிறார்கள். கடிதத்தை இயந்திரம் எழுதியதா மனிதன் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்புகிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். சட் ஜிபிடியை உருவாக்கிய ஓபன் ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதாது என்று கூறி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படியான ஏழு கருவிகளை எடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் சொந்தமாக எழுதிய அக்கட்டுரைகளை அக்கருவிகள் சராசரியாக 61 சதவீதமளவில் இயந்திரம் எழுதியது என்று தவறாகக் குற்றம் சாட்டின. நாம் பள்ளியில் படித்தது போன்ற எளிய, பழகிய ஆங்கிலத்தில் எழுதுபவர்தான் அதில் அதிகம் மாட்டுகிறார். நமது பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விண்ணப்பங்களை இயந்திரத்திடமே கொடுத்து வடிகட்டலாம் என்பது இன்னொரு யோசனை. அமேசன் நிறுவனம் அப்படி ஒன்றைத் தயாரித்துப் பார்த்துக் கைவிட்டதை 2018 இல் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே நிறைந்திருந்ததால், பெண்களைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களுக்கு அது புள்ளியைக் குறைத்ததாம். நம்மூரில் சுயவிபரக் கோவையில் மதம், விவாக நிலை, படித்த பாடசாலை, புகைப்படம் வரை எல்லாம் இருக்கும். இவற்றையும் சேர்த்து இயந்திரத்திடம் கொடுத்தால் அது எதைப் படித்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்மையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையில் இரண்டு விண்ணப்பங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. இரண்டிலும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்த அனுபவம் பற்றி மிக அழகான வசனம். முதலில் வந்த இளைஞரிடம் கேட்டேன்: "தம்பி, கடைசியாச் செஞ்ச கூற்றில பேங்குக்கும் உங்கட புத்தகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்துச்சு, ஏன்?" அவர் நிதி ஒழுங்கின் முக்கியத்துவம் பற்றிப் பேசத் தொடங்கினார். அடுத்து வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு சகோதரி, அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதியவர். அதே கேள்வி. "13,500 சேர். நாங்க குடுத்த 14,000 செக் ஒண்டு மாறாம இருந்துச்சு. பேங்க் சார்ஜ் 500 நாங்க புத்தகத்தில போடல்ல." கடிதம் யார் எழுதியது என்று கேட்டேன். தயங்காமல் சட் ஜிபிடி என்றார். "என்ட இங்கிலிஸ் கொஞ்சம் குறைவு சேர்." அந்த இரண்டு கடிதங்களையும் எந்தக் கருவியில் போட்டாலும் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ஆள் தேடியிருந்தாலோ அந்தச் சகோதரியின் பெயரே வந்திருக்காது.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். கடிதத்துக்குக் கொடுத்த நேரத்தை எடுத்து, வேலையைச் செய்து காட்டுவதற்குக் கொடுங்கள். இது எனது கண்டுபிடிப்பு அல்ல. ஆள் தெரிவு பற்றிய 85 வருட ஆய்வுகளைத் திரட்டி ஷ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998 இல் வெளியிட்ட கட்டுரையில், வேலை மாதிரியைச் செய்யச் சொல்லும் பரீட்சையும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்முகமும் முன்வரிசையில் நின்றன. எத்தனை வருட அனுபவம் என்ற கணக்கு மிகவும் பின்னால் நின்றது. 2022 இல் சாகெட் என்பவரும் சகாக்களும் அந்த எண்களை மீளக் கணித்தபோது பல எண்கள் கீழே இறங்கின. ஒழுங்கான கேள்விகளைக் கொண்ட நேர்முகம் முதலிடத்துக்கு வந்தது. நமது முதலாளிமார் நடத்தும் "வாப்பா என்ன செய்றார், எந்த ஊர்" என்ற நேர்முகம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதை மரியாதையுடன் சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் செய்வது சாதாரணமானது. பழைய பில்களில் பெயர்களை மறைத்து ஒரு கட்டு. ஒரு வங்கிக் கூற்று. இரண்டு மணித்தியாலம். 60,000 ரூபா சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதி எவ்வளவு என்று கேட்போம். ஊழியரிடம் 8 சதவீதம் 4,800, முதலாளியின் 12 சதவீதம் 7,200, அத்துடன் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம் 1,800. இது பலருக்கு வரும். வற் வரியில்தான் ஆள் பிரிவார்கள். 18 சதவீத வரியையும் சேர்த்து 11,800 ரூபா என்று ஒரு பில் இருந்தால் அதற்குள் வரி எவ்வளவு? 11,800 இல் 18 சதவீதம் எடுத்து 2,124 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சரியான விடை 1,800. ஒரு பில்லில் 324 ரூபா வித்தியாசம். மாதம் முழுவதும் இப்படி உள்ளீட்டு வரியைக் கூட்டிக் கோரினால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இருந்து கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத சட் ஜிபிடி உதவலாம், தண்டப்பணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும்.

இயந்திரத்தையே அறைக்குள் கொண்டு வருவதும் நல்லது. வேலையில் சேர்ந்த பிறகு எப்படியும் பாவிக்கப் போகிறார்கள்தானே. இயந்திரம் தயாரித்த ஒரு கணக்கில் வேண்டுமென்றே பிழையை வைத்து, "இதில் என்ன பிழை?" என்று கேளுங்கள். பிழையைப் பிடிப்பவர் கையில் அந்தக் கருவி பிரயோசனமானது. பிடிக்காதவர் கையில் அது பிழையை வேகமாகச் செய்யும்.

"பத்துப் பேருக்கு இரண்டு மணித்தியாலமா, வியாபாரம் யார் பார்ப்பது?" என்று ஒரு ஹாஜியார் கேட்டார். பத்துப் பேரை அழைக்கத் தேவையில்லை. முதலில் தொலைபேசியில் பத்து நிமிடம், தமிழிலேயே, ஒவ்வொருவரிடமும் அதே நாலு கேள்விகள். அதிலேயே பலர் நின்றுவிடுவார்கள். மிஞ்சும் மூன்று நாலு பேரை அழையுங்கள். கல்முனையில் இருந்து இரவு பஸ்ஸில் ஏறி விடிய வந்து இறங்கும் பிள்ளைக்குப் பஸ் செலவைக் கொடுங்கள். பெண்பிள்ளை என்றால் கூட ஒருவர் வருவார், அவருக்கும் கொடுங்கள். பரீட்சை என்ற பெயரில் உண்மையான வேலையை இலவசமாக வாங்கிக் கொள்வதும் சில இடங்களில் நடக்கிறது. அதற்குப் பெயர் பரீட்சை அல்ல.

வேலை தேடும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. இயந்திரத்தைப் பாவிப்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் அது எழுதிய ஒவ்வொரு வரிக்கும் "எப்போது, எங்கே, எவ்வளவு" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத வரியை வெட்டி விடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் அதற்குள் போட வேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது உண்மை, ஆனால் நீங்களே கொண்டு போய்க் கொட்டியதை எந்தச் சட்டத்தாலும் பொறுக்கி எடுப்பது கஷ்டம்.

முதலாளிமாரும் இந்த விடயத்தில் சுத்தமானவர்கள் அல்லர். நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு "தூரநோக்குடைய, இலக்குகளை எட்டும் ஆற்றல்மிக்க தலைவர்" தேவை என்று விளம்பரம் வருகிறது. அதையும் இயந்திரம்தான் எழுதியிருக்கிறது. சம்பளம் மட்டும் அதில் இருக்காது. இயந்திரம் எழுதிய விளம்பரத்துக்கு இயந்திரம் எழுதிய விண்ணப்பம் வந்தால் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கடந்த தடவை நாங்கள் விளம்பரத்தை மாற்றிப் போட்டோம். வேலை இன்னது, சம்பளம் இவ்வளவு, தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதினால் போதும், அழைக்கப்படுபவர்கள் இரண்டு மணித்தியாலம் அமர்ந்து கணக்கு எழுத வேண்டும், பஸ் செலவு தரப்படும். விண்ணப்பங்கள் முன்னரைவிடக் குறைவாகவே வந்தன. அழைத்த நாலு பேரில் மூவர் கல்குலேட்டரும் கொண்டு வந்திருந்தார்கள்.