பிஸியும் ஃப்ரீயும்



நம் வீடுகளில் தமிழாகவே மாறிவிட்ட ஆங்கிலச் சொற்களுள் 'பிஸி', 'ஃப்ரீ' என்னும் இரண்டும் எதிரெதிரானவை. முன்னது கௌரவமாகவும் பின்னது சற்றே வெட்கத்திற்குரியதாகவும் ஆகிவிட்டன. ஒருவர் தாம் ஃப்ரீயாக இருப்பதாகச் சொன்னால், பிழைப்புக்கு என்ன செய்கிறாரோ என்று பரிதாபப்படுகிறோம்.

சென்ற மாதம் மத்ரஸாவில் ஒரு சிறுவன் முல்க் ஸூராவின் தொடக்க வசனங்களை மூன்றாம் நாளாகத் தடுமாறி ஒப்பித்தான். வீட்டில் யாரிடமேனும் ஓதிக் காட்டினாயா என்று வினவினோம்.

"அத்தா பிஸி, ஹஜ்ரத்."

"ஃப்ரீயாக இருக்கும்போது?"

"அப்ப ஃபோன் பார்ப்பாங்க."

அவன் குறை கூறவில்லை. வீட்டு நடப்பைச் சொன்னான். நமக்குத்தான் சுருக்கென்றது. அன்று காலை ஊரிலிருந்து அழைத்த உம்மாவிடம் "பிஸியாக இருக்கிறேன்" என்று கூறித் தொடர்பைத் துண்டித்தவர் நாமேயன்றோ!

ஆங்கிலத்தில் வணிகத்தைக் குறிக்கும் 'பிசினஸ்' என்னும் சொல்லே 'பிஸி' என்பதிலிருந்து பிறந்தது. 'ஃப்ரீ' என்பதற்கோ அடிமையல்லாதவர், விலையில்லாதது, வேலையற்ற நேரம் எனப் பல பொருள்கள். கடைவாசலில் 'ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ' என்பதைக் கண்டு மகிழும் நாம், ஃப்ரீயான நேரத்தையும் விலையில்லாப் பொருளென்றே எண்ணிவிட்டோம் போலும்.

அரபியில் இவற்றுக்கு நேரானவை ஷுக்ல், ஃபராக். ஃபராக் என்பதன் அடிப்படைப் பொருள் வெறுமை. மூஸா (அலை) அவர்களுடைய தாயாரின் உள்ளம் வெறுமையானதைக் கூறுமிடத்தும் (28:10) இந்த வேர்ச்சொல்லே வருகிறது. பெரும்பாலோர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகளாக ஆரோக்கியத்தையும் ஓய்வையும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்ட ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அங்கு இழந்தவரைக் குறிக்கும் 'மக்பூன்' சந்தையில் வழங்கும் சொல்; கொடுக்கல் வாங்கலில் ஏமாந்தவர் என்பது பொருள். ஆகவே ஃப்ரீயான நேரம் இலவசமன்று, முதல்.

பிஸியாக இருப்பதே தவறென்று யாரும் கொள்ள வேண்டா. ஹலாலான உழைப்புக்காக வளைகுடாவில் இரவுப் பணி செய்யும் சகோதரரிடம் இதைச் சொல்ல நமக்கு வாயில்லை. நாம் அடிக்கடி ஓதும் யாஸீனில் (36:55) சுவனவாசிகளே மகிழ்ச்சியான ஒரு 'ஷுக்லில்' இருப்பதாக வருகிறது. மறுபுறம், ஹுதைபிய்யாப் பயணத்தில் கலந்துகொள்ளாது பின்தங்கிய நாட்டுப்புற அரபிகள், தம் செல்வங்களும் குடும்பங்களும் தம்மை அலுவலில் ஆழ்த்திவிட்டதாகச் சாக்குரைத்தபோது (48:11) அவர்கள் ஆண்டதும் இதே வேர்ச்சொல்தான். சொல் ஒன்றே, எதில் பிஸி என்பதே வினா.

ஓய்வுக்கும் குர்ஆனில் இடமுண்டு. ஆயின் 94ஆம் ஸூராவின் இறுதியில், ஃபராக் வந்ததும் செய்யச் சொல்லப்படுவது இறைவன்பால் முனைவது. நம் வீடுகளிலோ ஃபராக் வந்ததும் கை சட்டைப்பைக்குப் போகிறது. இதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜும்ஆவுக்குப் பின் அச்சிறுவனின் அத்தாவைச் சந்தித்து, ஸுப்ஹுக்குப் பின் பத்து நிமிடம் மட்டும் கேட்டோம். அவர் முதலில் சங்கடப்பட்டாலும் இசைந்தார். இப்போது பிள்ளை தடுமாறாமல் ஓதுகிறான். அத்தாவும் உடன் ஓதுகிறாராம். அவருக்குத்தான் இரண்டு இடங்களில் பிழை வருகிறதென்று சொல்லிச் சிரிக்கிறான்.